கப்பலில் ஏறிய தம்பி, கரையில் நின்ற அண்ணன்



1607-ஆம் ஆண்டு செப்டம்பர் 14. திருச்சிலுவை மகிமை விழா. அயர்லாந்தின் வடக்கே, ராத்மல்லன் கரையிலிருந்து ஒரு கப்பல் புறப்பட்டது. ஏறத்தாழ நூறு பேர். ஆங்கில அரசை ஒன்பது ஆண்டுகள் எதிர்த்துப் போரிட்டு, 1603-இல் பணிந்த டைரோன் கோமான் ஹியூ ஓ'நீல் அதில் இருந்தார். கைது செய்வார்களோ என்ற அச்சத்தில் அவசரமாகப் புறப்பட்ட பயணம் அது. மகன் பிரையனுக்கு மூன்று வயது இருக்கும்.

இன்னொரு மகன் கொன், ஐந்து வயதுக்காரன், வேறிடத்தில் வளர்ந்துகொண்டிருந்தான். தேடினார்கள். கிடைக்கவில்லை. கப்பல் காத்திருக்க முடியவில்லை.

நடுக்கடலில் புயல். திருச்சிலுவையின் துண்டு பதித்த பொற்சிலுவையைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கியதாகவும், அதனால் ஆறுதல் கிடைத்ததாகவும், அதே கப்பலில் சென்ற டாக் ஓ'கியானான் எழுதி வைத்திருக்கிறார். அக்டோபர் 4-இல், அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ்குவின் விழாவன்று, பிரான்சில் கரையேறினார்கள்.

அடுத்த ஆண்டு பெரியவர்கள் உரோமைக்குச் சென்றார்கள். திருத்தந்தை ஐந்தாம் பவுல் அவர்களை வரவேற்றார். பிரையனோ லூவேன் நகரில், அயர்லாந்துப் பிரான்சிஸ்கன் துறவிகளின் பொறுப்பில் விடப்பட்டான். ஊரை இழந்தவனுக்கு இப்போது வீடும் இல்லை. துறவிகள் வளர்த்தார்கள், பிறகு பிரசல்ஸ் அரண்மனையில் ஏவலராகச் சேர்ந்தான். தந்தை அவனிருந்த வடக்கே திரும்பவேயில்லை; 1616 ஜூலையில் உரோமையில் இறந்தார்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில், தங்கியிருந்த இடத்தில் பிரையன் தூக்கில் தொங்கிய நிலையில் காணப்பட்டான். வயது பதின்மூன்று. ஆங்கிலேயரின் கைவேலை என்று அவன் மக்கள் சந்தேகித்தார்கள், எதுவும் நிரூபிக்கப்படவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அதனால்தான் இதை மெதுவாகச் சொல்கிறேன்.

கரையில் விடப்பட்ட கொன் தப்பித்தானா? ஆங்கிலேயர் அவனைப் பிடித்து, ஒரு கோட்டையில் வளர்த்து, ஈட்டன் பள்ளிக்கு அனுப்பினர். 1622-இல் இலண்டன் கோபுரச் சிறையில் அடைத்தனர். அதன்பின் அவன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. கப்பலில் ஏற்றியது சரியா, விட்டுச் சென்றது தவறா என்று அந்தத் தந்தை எத்தனை இரவுகள் கேட்டிருப்பார்! எனக்கும் விடை தெரியவில்லை.

வரும் திருச்சிலுவை விழாத் திருப்பலியில், இறந்தோருக்கான மன்றாட்டின்போது பிரையன், கொன் இருவர் பெயரையும் சொல்லப்போகிறேன்.