பாளையமும் அதன் புறம்பும்

கோவையிலிருந்து மேட்டுப்பாளையத்திற்கு வரும் சாலையில் கவுண்டம்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையம், பெரியநாயக்கன்பாளையம் என்னும் ஊர்கள் அடுத்தடுத்து உள்ளன. நாள்தோறும் நாம் வழங்கும் இப்பெயர்களில் ஒரு படைத்துறைச் சொல் உறைந்து கிடக்கிறது.

பாளையம் என்பது படை இறங்கித் தங்கும் இடம், பாசறை. 16ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் தம் நாட்டை 72 பாளையங்களாக வகுத்தனர் என்பது மரபு. பாளையக்காரர் வரி தண்டினர்; காவல் புரிந்தனர்; போர் வந்தால் படை அனுப்பினர். இவ்வாறு பாசறையைக் குறித்த சொல், அதைத் தாங்கிய நிலப்பகுதிக்கும் ஊருக்கும் பெயராயிற்று. பின்னர்ப் படைகள் மறைந்தன, பெயர்கள் நிலைத்தன.

தமிழ்த் திருமறையில் 'பாளயம்' எனக் காணப்படுவதும் இச்சொல்லே. எபிரெய மூலத்தில் அது 'மஹனே'. கூடாரமடித்துத் தங்குதல் என்னும் வினையினின்று பிறந்தது. யாக்கோபு பெயரிட்ட மக்னாயீம், 'இரு பாளையங்கள்' எனப் பொருள்படும். கிரேக்கத்தில் 'பரெம்போலே' என்பர். அப்போஸ்தலர் 21ஆம் அதிகாரத்தில் எருசலேமிலிருந்த உரோமப் போர்வீரரின் கோட்டையைக் குறிப்பதும் இதே சொல்தான்.

பாசறை என்றால் எல்லை உண்டு. எல்லை என்றால் உள்ளும் புறமும் உண்டு. தொழுநோயாளர் பாளையத்திற்கு வெளியே வாழ வேண்டுமென்பது லேவியராகமச் சட்டம். மிரியாமும் ஏழு நாள் வெளியே வைக்கப்பட்டாள். எனினும், அவள் திரும்பச் சேர்க்கப்படும்வரை மக்கள் பயணம் புறப்படவில்லை என்பதை எண்ணாகமம் 12ஆம் அதிகாரம் குறித்துவைத்துள்ளது. புறத்தே ஒருத்தி இருக்க, பாளையம் முன்னேற முடியாது.

எபிரெயர் 13ஆம் அதிகாரம் இன்னும் ஒரு படி செல்கிறது. நகர வாசலுக்கு வெளியே பாடுபட்ட ஆண்டவரிடம், அவருடைய நிந்தையைச் சுமந்து, பாளையத்தைவிட்டுப் புறப்பட்டுவர அது நம்மை அழைக்கிறது. அங்கே போய்ச் சேரும் இடம் வெறும் வெளி அன்று. அவர் நிற்கும் இடம்.

இவ்வசனத்தை உலகத்தை வெறுத்து ஒதுங்குதல் என்று மட்டும் விளக்கிப் பழகிவிட்டோம். நம் மேட்டுப்பாளையத்திற்கும் ஒரு புறம்பு உண்டு. 2019 டிசம்பர் 2ஆம் நாள் அதிகாலை, பெருமழையில் நடூரில் உயர்ந்த மதிற்சுவர் ஒன்று வீடுகளின்மேல் சரிந்தது. உறங்கிக்கொண்டிருந்த ஒடுக்கப்பட்ட மக்கள் 17 பேர் மாண்டனர். சுவருக்கு எப்பக்கம் நின்று இவ்வசனத்தைப் பிரசங்கிக்கிறோம்? பிரசங்க மேடை ஏறுமுன் நாம் ஒவ்வொருவரும் விடையிறுக்க வேண்டிய கேள்வி இது.