பதிவேட்டில் 1914ஆம் எண்

பள்ளிக்கூடங்கள் நூற்றாண்டு விழா எடுக்கும்போது மலர் வெளியிடுகின்றன. அதில் 'புகழ்பெற்ற முன்னாள் மாணவர்கள்' என்றொரு பக்கம் இருக்கும். நீதிபதி, விஞ்ஞானி, அமைச்சர், ஆட்சியர் எனப் படத்தோடு அச்சிடுவார்கள். அதிராம்பட்டினத்தில் கூடியிருக்கும் நாம் அந்தப் பக்கத்தை எப்படி வாசிப்பது என்பதே இந்த நினைவு உரையின் பொருள். அதைப் பெருமையாக வாசிக்கலாம், ஆவணமாகவும் வாசிக்கலாம். ஆவணமாக வாசித்தால் அங்கே இல்லாதவை கண்ணில் படும்.

நம் டெல்டாவில் இத்தகைய பட்டியலின் முதல் பெயர் கணிதமேதை ராமானுஜன். 1898இல் கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, 1904இல் கணிதத்திற்கான பரிசோடு வெளியே வந்தவர். வசதியான வீட்டுப் பிள்ளையல்ல. தந்தை துணிக்கடையில் கணக்கு எழுதினார். ஏழ்மையிலும் படித்து உயர்ந்தவர் என்று பாடப்புத்தகங்கள் அவரைச் சொல்கின்றன. அது உண்மைதான்.

அதே ஆண்டுகளில் மராட்டியத்தில் இன்னொரு ஏழைப் பையன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். 1900 நவம்பர் 7 அன்று சதாரா நகரத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில முதல் வகுப்பில் சேர்ந்தான். இன்று அதன் பெயர் பிரதாப்சிங் உயர்நிலைப் பள்ளி. சேர்க்கைப் பதிவேட்டில் 1914 என்ற வரிசை எண்ணுக்கு நேரே (ஆண்டு என்று மயங்க வேண்டாம்) 'பிவா ராம்ஜி அம்பேட்கர்' என்று எழுதியிருக்கிறது. அந்தப் பதிவேட்டைப் பள்ளி பாதுகாத்து வருகிறது. 2017இல் மகாராஷ்டிர அரசு நவம்பர் 7ஐ மாணவர் தினமாக அறிவித்தது. அந்தப் பள்ளியின் முன்னாள் மாணவர்களில் அவருக்கு மேல் ஒருவரைச் சொல்ல முடியாது.

ஆனால் பதிவேட்டில் சாக்கு இல்லை. சதாராவில் படித்த நாட்களை பாபாசாகேப் தாமே எழுதியிருக்கிறார். வகுப்பில் தன் தகுதிக்குரிய இடத்தில் உட்கார முடியாது. மூலையில் தனியே உட்கார வேண்டும். உட்காரக் கோணிச் சாக்கை வீட்டிலிருந்து கொண்டுபோய், மாலையில் திரும்ப எடுத்துவர வேண்டும். பள்ளியைக் கூட்டுகிற ஆளும் அதைத் தொடமாட்டார். தாகம் எடுத்தால் குழாயைத் திறந்துவிடப் பியூன் வர வேண்டும். அவர் வராத நாளில் தண்ணீர் இல்லை. ராமானுஜனும் அம்பேத்கரும் வறுமையை அறிந்தவர்கள். சாக்கு ஒருவருக்கு மட்டும்தான். 'ஏழ்மையை வென்றவர்கள்' என்று இருவரையும் ஒரே தலைப்பில் போடும் மலர்கள் இந்த இடத்தில்தான் பொய் சொல்லத் தொடங்குகின்றன.

1904இல் குடும்பம் பம்பாய்க்குப் போனது. அங்கே அவர் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். அதுவும் அரசுப் பள்ளி, பெயர் பெற்ற பள்ளி. கரும்பலகையில் கணக்குப் போட ஆசிரியர் அழைத்தபோது, பலகைக்குப் பின்னால் வைத்திருந்த சாப்பாட்டுப் பாத்திரங்கள் தீட்டுப்பட்டுவிடும் என்று சாதி இந்து மாணவர்கள் பாய்ந்து ஓடி எடுத்தார்கள். சமஸ்கிருதம் படிக்க விடவில்லை, பாரசீகம் எடுத்தார். 1907இல் மெட்ரிக்குலேஷன் தேறினார். அந்தப் பள்ளியும் இன்று அவரைத் தன் மாணவர் என்கிறது. சொல்லட்டும். கோணிச் சாக்கையும் சாப்பாட்டுப் பாத்திரத்தையும் சேர்த்துச் சொல்லட்டும்.

தமிழ்நாட்டில் இதற்கு முந்தைய சாட்சி இரட்டைமலை சீனிவாசன். 1939இல் வந்த தம் 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தில் கோயம்புத்தூர் கலாசாலை நாட்களைச் சொல்கிறார். ஏறத்தாழ 400 மாணவர்களில் பத்துப் பேர் நீங்கலாக எல்லோரும் பிராமணர். யாரோடாவது பழகினால் சாதி தெரிந்துவிடும் என்று பயந்து, மணி அடிக்கும்வரை வெளியே எங்காவது படித்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போவார். விட்டதும் யாரும் எட்டிப்பிடிக்காதபடி வீட்டுக்கு விரைவார். பின்னாளில் 'பறையன்' என்று தலைநிமிர்ந்து பத்திரிகைக்குப் பெயர் வைத்தவர், பள்ளியில் ஒளிந்து படித்த பிள்ளை.

நம் பக்கம் என்ன நடந்தது? பண்ணையாள் முறையில் பிள்ளையின் உழைப்பும் பண்ணைக்கே. பள்ளி வயதில் அவன் மாட்டின் பின்னால் இருந்தான். 1919க்குப் பிறகு தொழிலாளர் துறை நம் மக்களுக்கென்று திறந்த பள்ளிகள் பெரும்பாலும் தொடக்கப் பள்ளிகள். உயர்நிலைப் பள்ளியோ நகரத்தில், சேரியிலிருந்து தூரத்தில். உதவித்தொகையும் மேலிருந்து கீழே வந்தது: மெட்ரிக்குலேஷனுக்குப் பிந்தைய படிப்புக்கு 1944இல் தொடங்கியது. ஒன்பது, பத்தாம் வகுப்புப் பட்டியல் சாதி மாணவர்களுக்கென்று ஒன்றிய அரசின் பொதுவான திட்டம் வந்தது 2012இல். இடைப்பட்ட காலத்தில் பலரைத் தாங்கியவை மாநில அரசின் விடுதிகளும் பெற்றோரின் கூலியும்தான். எட்டாவதோடு நின்று வயலுக்கோ உப்பளத்துக்கோ போனவனுக்கு மெட்ரிக்குலேஷனுக்குப் பிந்தைய உதவித்தொகையால் என்ன பயன்? அவனும் முன்னாள் மாணவன்தான். எந்த மலரிலும் அவனுக்குப் பக்கம் இல்லை.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறோம். உங்கள் ஊர்ப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைப் பற்றிக் கேளுங்கள். அது நிரந்தர ஆவணம். சேர்ந்த நாள், வகுப்பு, சாதி, நீங்கிய நாள் எல்லாம் அதில் இருக்கும். தனிமனிதர் பெயர் நமக்கு வேண்டாம். கேட்டால் மறுக்கவும் காரணம் உண்டு. எண்ணிக்கை போதும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்படி பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனு எழுதுங்கள். பள்ளி உதவி பெறும் பள்ளியானால் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுதலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். கேள்விகள் மூன்று: பள்ளி தொடங்கியதிலிருந்து முதல் பட்டியல் சாதி மாணவர் சேர்ந்தது எந்த ஆண்டு? முதல் மாணவி எந்த ஆண்டு? ஆறாம் வகுப்பில் சேர்ந்த பட்டியல் சாதிப் பிள்ளைகளில், ஆண்டுவாரியாக, பத்தாம் வகுப்பு முடிக்காமல் நீங்கியவர்கள் எத்தனை பேர்?