குணமாவது யார் கணக்கில்?

கால்கட்டுப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. பைபோலார் என்கிற இருமுனைக் கோளாறு வந்த பையனுக்குக் கல்யாணம். மனச்சோர்வில் முடங்கிய பெண்ணுக்கு ஒரு குழந்தை. குடும்பத்தின் இலக்கு இது. மருத்துவரின் இலக்கு வேறு: தூக்கம் சீராக வேண்டும், அறிகுறிகள் அடங்க வேண்டும், மறுபடி வார்டில் சேரும் நிலை வரக் கூடாது. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நோயோடு வாழ்பவரிடம் "உனக்கு என்னப்பா வேணும்?" என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டால், ஏ.டி.எம். கார்டு என் கையில் இருக்க வேண்டும், விசேஷ வீட்டுக்கு என்னையும் கூட்டிப் போக வேண்டும், கை நடுங்காமல் கையெழுத்துப் போட வேண்டும் என்றுதான் பதில் வரும். நலமடைவதற்கான இலக்கு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

"பழையபடி ஆகணும்" என்பது பொறி. எந்தப் பழையபடி? இருமுனைக் கோளாறில் ஒருவர் ஏங்குகிற அந்தப் பொற்காலம், ராத்தூக்கம் இல்லாமல் வேலை பார்த்து, ஊரெல்லாம் பேசி, புதுத் தொழிலுக்குத் திட்டம் போட்ட காலமாக இருக்கலாம். அது நோய் ஏறிக்கொண்டிருந்த காலமாகவும் இருக்கலாம். அதையே இலக்காக வைத்தால், மருந்து எதிரியாகத் தெரியும்.

மனச்சோர்வில் வேறொரு சிக்கல். மனசு வந்ததும் செய்யலாம் என்று காத்திருந்தால் மனசு வராது. செயல் முதலில், விருப்பம் பின்னால். அதனால் "சந்தோஷமாக இருக்க வேண்டும்" என்று எழுதாதீர்கள். காலையில் குளித்துவிட்டுத் தெருமுனை டீக்கடை வரை போய் வருவேன் என்று எழுதுங்கள். இன்று நடந்ததா இல்லையா என்று உங்களுக்கே தெரியும். நடக்காத நாளில் பாதி தூரம் போதும்.

மனம் மேலேறும் நாட்களில் தலைகீழ்: இலக்குகள் பெருகும், கடன் வாங்கத் தோன்றும், கார்டு தேய்க்கக் கை பரபரக்கும். தெளிவாக இருக்கும்போதே ஒரு விதி எழுதி வைப்பது நல்லது: இந்தத் தொகைக்கு மேல் செலவென்றால் சில நாள் பொறுப்பேன், அக்காவிடம் கேட்பேன். தூக்கம் குறைந்தும் களைப்பே தெரியாமல் இருப்பது எழுச்சியின் முக்கியமான முன்னறிகுறி. நாள்காட்டியில் பால் கணக்குக் குறிக்கும் கட்டத்திலேயே எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று குறித்து வையுங்கள். அடுத்த தடவை மருத்துவருக்கு இந்தத் தாளைக் காட்டினால், "எப்படி இருக்கீங்க?", "பரவாயில்லை டாக்டர்" என்பதோடு பேச்சு முடியாது.

மருந்தின் பக்கவிளைவைக் குறைப்பதும் ஓர் இலக்குதான். சொல்லக் கூச்சப்பட வேண்டாம். லித்தியம் சாப்பிடுபவர்கள் ரத்தத்தில் அதன் அளவையும், தைராய்டு, சிறுநீரகச் செயல்பாட்டையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். கோடையில் உடம்பில் நீர் வற்றினாலோ, வாந்தி பேதியானாலோ, மூட்டுவலிக்கென்று கடையில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கிப் போட்டாலோ அந்த அளவு ஆபத்தாக ஏறலாம். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். வால்ப்ரோயேட் கருவைப் பாதிக்கக்கூடியது. அதற்காக எந்த மாத்திரையையும் நீங்களாகவே சட்டென்று நிறுத்தவும் கூடாது. நோய் திரும்ப அதுவே காரணமாகிவிடலாம்.

இவ்வளவும் எழுதிய பின், மோசமான நாளில் வீட்டார் இதையெல்லாம் கேட்பார்களா? இங்கேதான் 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் வருகிறது. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. இருந்தும் பல குடும்பங்களுக்கு இதன் பெயர்கூடத் தெரியாது. எனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று வயது வந்த எவரும் முன்கூட்டியே எழுத்தில் தரலாம். முடிவெடுக்கும் திறன் தற்காலிகமாக இல்லாதபோது அந்த விருப்பம் பேசும். திறன் இருக்கும்வரை உங்கள் வாய்ச்சொல்தான் செல்லும். எழுதி வைத்ததை மருத்துவரோ உறவினரோ மீற விரும்பினால் மனநல மறுஆய்வு வாரியத்தில் மனுச் செய்ய வேண்டும். அவசரச் சிகிச்சைக்கு மட்டும் இது பொருந்தாது. மனம் மாறினால் நீங்களே திருத்தலாம், ரத்துச் செய்யலாம்.

உங்கள் சார்பில் பேச ஒருவரை நியமிப்பது இன்னும் எளிது. வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். அப்பாதான், கணவர்தான் என்று கட்டாயமில்லை. பதினெட்டு வயது தாண்டி, சம்மதிக்கிற நண்பராகவும் இருக்கலாம். என்னைக் கேட்டால், முதலில் இந்த ஒரு தாளை எழுதுங்கள்.

இதே சட்டப்படி, வார்டில் சேர்ந்தால் தலையை மொட்டையடிக்கக் கட்டாயப்படுத்த முடியாது. சங்கிலியால் கட்டுவது எங்கேயும் குற்றம். ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது, கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்த மாநிலம் இது. உங்கள் நோய் விவரத்தை மருத்துவமனை உங்கள் முதலாளிக்குச் சொல்லக் கூடாது. உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும். அரசு வேலையில் இருப்பவரை, பணிக்காலத்தில் வந்த ஊனத்துக்காக நீக்கவோ பதவி இறக்கவோ 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அனுமதிக்கவில்லை. மனநோயும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் உண்டு. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகவே மனநலப் பாதுகாப்புச் சட்டம் கருதுகிறது. போலீஸ் கேஸ் ஆகுமே என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மனநலப் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமைகளில் எது மீறப்பட்டாலும் மறுஆய்வு வாரியத்துக்கு மனுப் போடலாம், கட்டணம் கிடையாது. இலவசச் சட்ட உதவி கேட்கவும் உரிமை உண்டு. இன்றைக்கே யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் மனநல உதவி எண் 14416ஐ அழையுங்கள். கட்டணமில்லை, இரவும் பகலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.