சுயதொழில் செய்வோருக்கான அலுவலக மென்பொருள்

அலுவலக மென்பொருள் என்பது கடிதம், கணக்கு, விலைப்பட்டியல், படக்காட்சி முதலியவற்றைக் கணினியில் உருவாக்கப் பயன்படும் மென்பொருள்களின் தொகுப்பு ஆகும். சொற்செயலி, விரிதாள், நிகழ்த்தல் மென்பொருள் ஆகியவை இதன் முக்கியக் கூறுகள். தனியாகத் தொழில் செய்பவர் இதனைப் பெறும்போது விலை, உரிமம் ஆகிய இரண்டையும் கருத வேண்டியுள்ளது. மலிவாகக் கிடைப்பவை எல்லாம் முறையானவை அல்ல. முறையானவை எல்லாம் விலை மிகுந்தவையும் அல்ல.

பின்னணி

பெரிய நிறுவனங்களில் மென்பொருள் உரிமங்களைக் கவனிப்பதற்குத் தனிப் பிரிவு இருக்கும். சுயதொழில் செய்பவர் அதனைத் தாமே கவனிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, தருமபுரி மாவட்டத்தில் பெங்களூர்–சேலம் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள அதியமான்கோட்டையில் ஒருவர் ஒரு கணினியையும் ஓர் அச்சுப்பொறியையும் கொண்டு தட்டச்சு மையம் நடத்துவதாகக் கொள்வோம். மனு, வாடகை ஒப்பந்தம், தற்குறிப்பு, விலைப்புள்ளி ஆகியவற்றை அவர் கட்டணம் பெற்றுத் தயாரிக்கிறார். கணினியை விற்ற கடைக்காரர் அலுவலக மென்பொருளையும் நிறுவிக் கொடுத்திருக்கக்கூடும். ஆனால் பற்றுச்சீட்டில் அம்மென்பொருளின் பெயர் இல்லையெனில், அதற்கு உரிமம் உண்டு என்று காட்ட அவரிடம் எச்சான்றும் இராது.

உரிம வகைகள்

மென்பொருளுக்கு விலை கொடுப்பவர் பெறுவது அதனைக் குறிப்பிட்ட நிபந்தனைகளுடன் பயன்படுத்தும் உரிமையே ஆகும். குறுந்தகடும் 25 எழுத்துகள் கொண்ட திறவு எண்ணும் அந்த உரிமையைச் செயற்படுத்தும் கருவிகள் மட்டுமே. திறவு எண் ஏற்கப்படுவது உரிமம் உண்டு என்பதற்குச் சான்று ஆகாது. பொதுவாகக் காணப்படும் வகைகள் பின்வருமாறு:

* சில்லறை உரிமம்: ஒருமுறை விலை கொடுத்துப் பெறுவது.
* கணினியுடன் இணைந்த உரிமம்: புதிய கணினியுடன் வருவது. பொதுவாக அக்கணினிக்கு மட்டுமே உரியது. வேறு கணினிக்கு மாற்ற இயலாது.
* சந்தா உரிமம்: மாதம் அல்லது ஆண்டுக் கட்டணம் செலுத்தும் வரை செல்லுபடியாவது.
* வீடு, மாணவர் உரிமம்: குறைந்த விலையுடையது. மைக்ரோசாப்ட் ஆபிஸ் 2007, 2010 ஆகியவற்றின் இவ்வகைப் பதிப்புகளை மூன்று கணினிகளில் நிறுவலாம். ஆனால் வருவாய் ஈட்டும் பணிக்குப் பயன்படுத்த அனுமதியில்லை.
* தொகுதி உரிமம்: நிறுவனங்களுக்கு மொத்தமாக வழங்கப்படுவது. இதன் திறவு எண்கள் இணையத்தில் தனியாருக்கு மிகக் குறைந்த விலையில் விற்கப்படுவதுண்டு. அவை முதலில் செயற்பட்டாலும் தயாரிப்பாளர் பின்னர் முடக்கிவிடலாம்.
* கட்டற்ற உரிமம்: எவரும், எந்நோக்கத்திற்கும், எத்தனை கணினிகளிலும் பயன்படுத்த அனுமதிப்பது.

சட்ட நிலை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் இயற்றப்பட்டது. 1984ஆம் ஆண்டுத் திருத்தம் கணினி நிரல்களை இலக்கியப் படைப்பு என்னும் வரையறைக்குள் கொண்டுவந்தது. 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 63-பி பிரிவு சேர்க்கப்பட்டது. உரிமம் மீறிய நிரல் என அறிந்தும் அதனைக் கணினியில் பயன்படுத்துவோருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், ரூ. 50,000 முதல் ரூ. 2 இலட்சம் வரை அபராதமும் விதிக்க இப்பிரிவு இடமளிக்கிறது. வருவாய்க்காகவோ வணிகத்திலோ பயன்படுத்தப்படவில்லை எனில், நீதிமன்றம் சிறைத்தண்டனையைத் தவிர்த்து ரூ. 50,000 வரையிலான அபராதத்துடன் நிறுத்தலாம்.

இவ்விலக்கு வீட்டில் பயன்படுத்துவோருக்குப் பொருந்தக்கூடியது. கட்டணம் பெற்று மனு தட்டச்சு செய்பவருக்குப் பொருந்தாது. தொழில் எவ்வளவு சிறியது என்பதை இப்பிரிவு கருதுவதில்லை.

கட்டற்ற மாற்றுகள்

செருமனியில் உருவான ஸ்டார் ஆபிஸ் மென்பொருளைச் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1999இல் வாங்கி, 2000இல் அதன் மூல நிரலை வெளியிட்டது. அதிலிருந்து ஓப்பன் ஆபிஸ் உருவானது. அதன் முதற்பதிப்பு 2002இல் வெளிவந்தது. சன் நிறுவனம் 2010இல் ஆரக்கிளின் கைக்கு மாறியபின், தன்னார்வலர்கள் பிரிந்து லிப்ரே ஆபிஸ் மென்பொருளைத் தொடங்கினர்.

தமிழ்நாட்டிலும் இம்மென்பொருள் விரைவில் அறிமுகமானது. 2005 ஏப்ரலில் நடுவண் அரசு சென்னையில் வெளியிட்ட இலவசத் தமிழ் மென்பொருள் குறுந்தகட்டில் தமிழாக்கப்பட்ட ஓப்பன் ஆபிஸ் இடம்பெற்றது. 2006–2007 காலப்பகுதியில் மாநில அரசின் எல்காட் நிறுவனம் தன் கணினிகளை லினக்சுக்கும் ஓப்பன் ஆபிசுக்கும் மாற்றியது. லிப்ரே ஆபிசைத் தமிழ் இடைமுகத்துடன் பயன்படுத்தலாம்.

இணையவழிச் சேவைகளும் உள்ளன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோகோ நிறுவனம் 2005இல் சோகோ ரைட்டர் என்னும் சொற்செயலியை வெளியிட்டது. இத்தகைய சேவைகளின் இலவசத் திட்டங்களைத் தொழிலுக்குப் பயன்படுத்தலாமா என்பதை அவற்றின் விதிமுறைகளில் பார்த்தல் வேண்டும்.

நடைமுறைச் சிக்கல்கள்

* பக்க அமைப்பு: வாடிக்கையாளர் கொண்டுவரும் வேர்டு கோப்பு லிப்ரே ஆபிசில் திறக்கும்போது வரிகள் இடம் மாறலாம். பெரும்பாலும் எழுத்துரு இல்லாமையே இதற்குக் காரணம். காலிப்ரி, கேம்பிரியா ஆகியவற்றின் அதே அகலம் கொண்ட கார்லிட்டோ, கலாடியா எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சிட மட்டுமே உரிய கோப்பைப் பி.டி.எஃப். வடிவில் பெறுவது நன்று.
* தமிழ்க் குறியாக்கம்: தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. அதற்கு முற்பட்ட வானவில் போன்ற குறியாக்கங்களில் அமைந்த பழைய ஆவணங்கள், உரிய எழுத்துரு இல்லாவிடில் எந்த மென்பொருளிலும் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். இவற்றை ஒருங்குறிக்கு மாற்ற இலவச மாற்றிகள் உள்ளன.
* ஆதரவுக் காலம்: மைக்ரோசாப்ட் ஆபிஸ் 2016, 2019 ஆகியவற்றுக்கான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தப்பட்டன. எனவே முறையான உரிமம் உடைய பழைய பதிப்பாயினும், மலிவு கருதி வாங்குவது உகந்ததன்று.

தெரிவு செய்தல்

மேற்கண்ட தட்டச்சு மையத்தின் பணிகளில் பெரும்பகுதிக்குக் கட்டற்ற மென்பொருளே போதுமானது. மாறுவதற்கு முன் தம்மிடமுள்ள பழைய கோப்புகளில் சிக்கலான சிலவற்றைத் திறந்து, அச்சிட்டுப் பார்ப்பது பயன்தரும். வாடிக்கையாளர் கோப்புகளில் மேக்ரோக்கள் இருந்தாலோ, ஒரே கோப்பைப் பலர் மாறி மாறித் திருத்த நேர்ந்தாலோ கட்டண மென்பொருள் தேவைப்படலாம். அந்நிலையில், வணிகப் பயன்பாட்டிற்கு அனுமதியுள்ள பதிப்பைத் தயாரிப்பாளரிடமோ அவர் ஏற்ற விற்பனையாளரிடமோ பெறுதல் வேண்டும். மென்பொருளின் பெயரும் பதிப்பும் குறிப்பிட்ட பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கிப் பாதுகாக்க வேண்டும். சரக்கு மற்றும் சேவை வரியில் வழக்கமான முறையில் பதிவு செய்தவர், வரிப் பற்றுச்சீட்டு இருந்தால், மென்பொருளுக்குச் செலுத்திய 18 விழுக்காட்டு வரியை உள்ளீட்டு வரி வரவாகப் பெற இயலும். திறவு எண்ணை மட்டும் பெற்றவருக்கு இவ்வாய்ப்பு இல்லை.

இவற்றையும் பார்க்க

* கட்டற்ற மென்பொருள்
* லிப்ரே ஆபிஸ்
* பதிப்புரிமை
* ஒருங்குறி