ராஜேந்திர சோழனின் படைவீரன் எந்தத் தமிழில் பேசுவான்?

போன மாதம் ஒரு ஞாயிறு, நந்தனம் வீட்டில் பையன் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' ஆடிக்கொண்டிருந்தான். வீரனைக் க்ளிக் செய்தால் தமிழில் பதில் வருகிறது. "அப்பா, ராஜேந்திர சோழன் காலத்துல நெஜமாவே இப்படித்தான் பேசினாங்களா?" என்றான். "தெரியலடா, பாத்து சொல்றேன்" என்றேன். பார்த்ததன் குறிப்பு இது.

முதலில் விளையாட்டின் அமைப்பு. மென்பொருள்காரன் கண்ணுக்கு இது ஓர் எளிய அட்டவணை: ஒரு நாகரிகத்துக்கு ஒரு மொழி. உழவன், வில்லாளி, அரசன் எல்லோருக்கும் அதே மொழிதான். 2013-இல் வந்த 'தி ஃபர்காட்டன்' தொகுப்பில் 'இந்தியர்' என்று ஒரே நாகரிகம், மொழி இந்தி. 2022 ஏப்ரலில் வந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' அதைப் பிரித்து இந்துஸ்தானியர், கூர்ஜரர், வங்காளியர், திராவிடர் என்று நான்காக்கியது. திராவிடருக்குத் தமிழ். ராஜேந்திரன் பெயரில் ஒரு போர்த்தொடரும் அதில் உண்டு.

சந்தோஷம்தான். ஆனால் 'திராவிடர்' என்றால் தெலுங்கர், கன்னடர், மலையாளிகளும் சேர்த்தி. எல்லோரையும் தமிழ் பேச வைக்கலாமா?

வீரனின் தாய்மொழி எது என்றுதான் நானும் முதலில் தேடினேன். பிறகுதான் உறைத்தது: விளையாட்டில் நாம் கட்டளை இடுகிறோம், அவன் பதில் சொல்கிறான். அப்படியானால் தேட வேண்டியது கட்டளை மொழியை. அது தாய்மொழியாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பைசாந்தியப் பேரரசர் மாரிஸின் பெயரில் வழங்கும் 'ஸ்ட்ராடெகிகான்' என்ற போர்நூல் கிரேக்கத்தில் எழுதப்பட்டது. அதில் வரும் கட்டளைச் சொற்களோ லத்தீன். விளையாட்டில் பைசாந்தியர் லத்தீன் பேசுவது அந்தக் காலத்துப் படைவீரனுக்குப் பொருந்தும். கிரேக்கம் பேசிய உழவனுக்குப் பொருந்தாது.

இது வெறும் விளையாட்டு விஷயமும் இல்லை. பள்ளியில் என்.சி.சி. போனவர்களுக்கு 'சாவ்தான், விஷ்ராம்' மறக்காது. 1968 ஜனவரி 23 அன்று தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய மொழித் தீர்மானத்தில் அந்த இந்தி ஆணைச் சொற்களும் இடம்பெற்றன. 'நேராக நில்' என்பதை எந்த மொழியில் கேட்கிறோம் என்பதற்காக ஒரு சட்டமன்றமே கூடிப் பேசியிருக்கிறது.

சரி, சோழர் காலத்துக்கு வருவோம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வேளைக்காரப் படைப்பிரிவுகள் பல வருகின்றன. அதே பெயர்கொண்ட படையினர் இலங்கையில் சிங்கள அரசரிடமும் பணிபுரிந்தார்கள். புத்தரின் புனிதப் பல் இருந்த கோயிலைக் காப்பதாக அவர்கள் உறுதி கூறும் 12-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு பொலன்னறுவையில் இருக்கிறது. அந்தப் படையில் யார் யார்? வலங்கை, இடங்கை, வடுகர், மலையாளர் என்று பட்டியல் நீள்கிறது. வடுகர் என்றால் தெலுங்குப் பக்கத்தார். இத்தனை பேரும் சேர்ந்து கொடுத்த உறுதிமொழி தமிழில் இருக்கிறது.

கட்டளையும் தமிழில்தான் என்று இது நிரூபித்துவிடாது. ஆனால் பல ஊர்க்காரர் சேர்ந்த படையின் பொதுமொழி தமிழ் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை. ஆக, விளையாட்டுக்காரர்கள் செய்தது ஏற்கக்கூடியதே.

மிச்சமிருப்பது, எந்தத் தமிழ்? நம் சினிமாவில் சோழ வீரன் வாயைத் திறந்தால் மேடைத்தமிழ்தான் கொட்டும். ஆனால் பெரிய கோயில் சுவரில் ராஜராஜன் வெட்டச் சொன்ன ஆணையைப் பாருங்கள். தானும் அக்காவும் மற்றவர்களும் கோயிலுக்கு வழங்கியதைச் சொல்லும் இடத்தில் 'கொடுத்த' இல்லை. 'குடுத்த' என்றே இருக்கிறது. இன்று சைதாப்பேட்டைப் பூக்காரம்மா சொல்வதும் அதேதான். அரசாணையிலேயே இப்படி என்றால் களத்தில் நின்ற வீரன் இலக்கணம் பார்த்தா பேசியிருப்பான்?

ஆகவே என் யோசனை இரண்டு. அட்டவணையில் மொழியை நாகரிகத்தோடு கட்டாமல், வீரனுக்கு ஒன்று, உழவனுக்கு ஒன்று என்று பிரிக்கலாம். வசனம் எழுதுபவர் நாடகத் தமிழை விட்டுவிட்டுக் கல்வெட்டைப் படிக்கலாம்.

பையனிடம் 'குடுத்த' கதையைச் சொன்னேன். "அப்போ தமிழ் பேப்பர்ல நான் எழுதினதுக்கு மிஸ் ஏம்பா மார்க் கொறைச்சாங்க?" என்றான். அதற்கு என்னிடம் கல்வெட்டுச் சான்று எதுவும் இல்லை.