ஒரு நாள் எண்ணும் ஏழு நாள் போக்கும்

வீட்டில் அளந்த இரத்த அழுத்தக் குறிப்புகளுடன் எங்களிடம் வருவோரில் இரு வகையினரைக் காண்கிறோம். ஒரு நாள் 132 என்று கண்டதும் நோய் நீங்கிற்றென மாத்திரையை நிறுத்தியவர்கள் ஒரு வகையினர். மறுநாள் 150 என்று கண்டு அஞ்சி, தாமே மாத்திரையைக் கூட்டிக்கொண்டவர்கள் மற்றொரு வகையினர். இரண்டும் தீங்கானவை. உறக்கக் குறைவு, உப்பு, கவலை, வலி ஆகிய ஒவ்வொன்றும் அழுத்தத்தை மாற்றும். எனவே ஒற்றை எண்ணைவிட அதன் போக்கே முதன்மையானது. அப்போக்கைக் காட்டும் எளிய கருவி நகரும் சராசரி.

மேல் அளவு ஏழு நாள்களில் முறையே 138, 146, 132, 150, 136, 142, 136 எனக் கொள்வோம். கூட்டுத்தொகை 980, சராசரி 140. எட்டாம் நாள் 131 எனில், முதல் நாளின் 138-ஐ விடுத்து 131-ஐச் சேர்க்கிறோம். கூட்டுத்தொகை 973, சராசரி 139. அன்றைய எண் ஐந்து அலகு இறங்கியபோதும் சராசரி ஓர் அலகே இறங்கியது. மாத்திரையை நிறுத்த இதில் காரணமில்லை.

கைப்பேசியிலுள்ள விரிதாளிலேயே இதனைச் செய்யலாம். முதல் வரிசையில் தலைப்புகளும், அதன் கீழ் நாள்தோறும் தேதி, மேல் அளவு, கீழ் அளவு ஆகியனவும் இடுக. ஏழாம் நாளுக்கு எதிரே ஆவரேஜ் என்னும் சார்பைத் தேர்ந்து, அந்த ஏழு மேல் அளவுகளையும் சுட்டுக. அக்கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் அடுத்த நாள்களுக்கும் கணக்கு தொடரும். கீழ் அளவுக்கும் இவ்வாறே செய்க. அளக்காத நாளில் கட்டத்தை வெறுமையாக விடுக. சுழியம் இட்டால் சராசரி பொய்யாகத் தாழும்.

வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கத்தக்க பணியாளர் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இத்தகைய விடுதிகளில் தங்கியிருப்போர், ஊரிலுள்ள தாய் தந்தையர் தொலைபேசியில் சொல்லும் அளவுகளைத் தாமே விரிதாளில் பதிந்து வரலாம். சுழற்சிப் பணி செய்வோர் தம் அளவுகளைக் குறிக்கையில் பணிமுறையையும் உடன் எழுதுக. வாரந்தோறும் பணிமுறை மாறினால் சராசரியும் அதனோடு ஏறி இறங்கக்கூடும். அவர்கள் ஒரு முழுச் சுற்றை மற்றொரு முழுச் சுற்றோடு ஒப்பிடுவதே முறை. இரவுப் பணியாளருக்குக் காலை அளவு என்பது உறங்கி எழுந்தபின் எடுப்பதாகும்.

அளக்குமுன் ஐந்து நிமிடம் அமைதியாக அமர்க. அதற்கு முந்தைய அரை மணி நேரம் தேநீர், காப்பி, புகை வேண்டா. ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து, இரண்டின் சராசரியைப் பதிக. வீட்டு அளவுகளின் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுக. உங்களுக்குரிய இலக்கை அவரே வகுப்பார்.

ஓர் எச்சரிக்கை. நகரும் சராசரி ஆபத்தையும் மழுக்கிக் காட்டும். மாற்றத்தைத் தாமதமாகவே உணர்த்தும். மேல் அளவு 180 அல்லது கீழ் அளவு 120-ஐத் தொட்டால் சராசரியைப் பாராதீர். சில நிமிடம் அமர்ந்து மீண்டும் அளந்து, குறையவில்லையெனில் அன்றே மருத்துவரை அணுகுக. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கத் தளர்ச்சி, பேச்சுக் குழறல், பார்வை மங்கல் ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும், எண் எதுவாயினும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

அடுத்த முறை வருகையில் விரிதாளை உடன் கொணர்க. மாத்திரையைக் கூட்டுவதா, குறைப்பதா என்பதை அதனைக் கண்டு நாம் சேர்ந்து முடிவு செய்வோம்.