செட்டில்மென்ட் கணக்கில் வராத 120 ரூபாய்

ஓய்வு பெறும் நாளில் தொழிலாளியின் கவனமெல்லாம் செட்டில்மென்ட் தொகையில் இருக்கும். பி.எஃப். எவ்வளவு, கிராஜுவிட்டி எவ்வளவு, கடன் போக மிச்சம் எவ்வளவு? ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பி வாழும் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். ஆனால் 58 வயதுக்குப் பிறகு அந்தத் தொகையைக் கரைக்கப்போகும் மருத்துவச் செலவு அதில் ஒரு வரியாகக்கூட வருவதில்லை. காப்பீடு என்று பேச்செடுத்தால், 'அதற்குப் பணத்துக்கு எங்கே போவது?' என்பார்கள். உண்மையில் இங்கே பணம் பெரிய தடையே அல்ல. ஏறக்குறைய இலவசமாகக் கிடைக்கும் உரிமை, வேலையை விடும் அந்த ஒரு வாரத்தில் பதிவாகாமல் நழுவிவிடுகிறது என்பதுதான் சிக்கல்.

ஒரே தெருவில் குடியிருப்பவர்களுக்குள்ளேயே நிலைமை எவ்வளவு மாறுகிறது பாருங்கள். துறைமுகத்தில் நிரந்தரப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவருக்கு, சந்தா கட்டி மருத்துவ வசதியைத் தொடரும் ஏற்பாடு உண்டு. ரயில்வேக்காரருக்குப் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை இருக்கிறது. மாநில அரசு ஓய்வூதியருக்கு 2022 ஜூலையில் தொடங்கிய காப்பீட்டுத் திட்டத்தில் மாதம் 497 ரூபாய் ஓய்வூதியத்திலேயே பிடிக்கப்பட்டுவிடுகிறது. இவர்கள் மூவருக்கும், வேலை கொடுத்த இடமே ஓய்வுக்குப் பிந்தைய மருத்துவத்துக்கும் கதவு திறந்து வைத்திருக்கிறது. தனியார் ஆலையில் முப்பது ஆண்டு உழைத்தவருக்கு அப்படியில்லை. பி.எஃப். ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை 2014இலிருந்து மாதம் 1,000 ரூபாய்தான். அந்த 497 ரூபாயை இவரிடம் பிடித்தால் பாதி ஓய்வூதியம் போய்விடும்.

இவருக்கும் வழி இல்லாமல் இல்லை. ஈ.எஸ்.ஐ. மத்திய விதிகளில் 61ஆம் விதி என்று ஒன்று இருக்கிறது. ஐந்தாண்டுக்குக் குறையாமல் ஈ.எஸ்.ஐ.யில் இருந்து, ஓய்வு வயதை எட்டியோ விருப்ப ஓய்விலோ வெளியேறியவர், மாதத்துக்கு 10 ரூபாய் வீதம் ஓராண்டுக்கான 120 ரூபாயை முன்கூட்டியே கட்டினால், அவருக்கும் வாழ்க்கைத் துணைக்கும் மருத்துவ வசதி தொடரும். அவர் காலமானாலும் துணைவி அதே தொகையைக் கட்டித் தொடரலாம். ஆண்டுக்கு 120, அச்சுப்பிழை அல்ல. ஆனால் ஓய்வு பெற்றதற்கும் ஐந்தாண்டு ஈ.எஸ்.ஐ.யில் இருந்ததற்கும் சான்று காட்ட வேண்டும். வேலையில் இருக்கும்போது அலுவலகத்தில் கேட்டு வாங்கிவிடக்கூடிய தாள் அது. ஆலை கைமாறிய பிறகோ, கான்ட்ராக்டர் மாறிய பிறகோ கேட்டால், யாரிடம் கேட்பது என்பதே பெரிய கேள்வியாகிவிடும். விம்கோ தீப்பெட்டி ஆலையின் பெயரை இன்று ஒரு மெட்ரோ நிலையம் தாங்கி நிற்கிறது. ஆலைகளின் பெயர் நிற்கும் அளவுக்கு அவற்றின் பதிவேடுகள் நிற்பதில்லை.

'ஈ.எஸ்.ஐ.யில் என்ன இருக்கிறது? வரிசையில் நின்றே நோய் கூடிவிடும்' என்று சொல்வார்கள். பாதி உண்மை. பெரிய சிகிச்சை என்றால் எண்ணூர்க்காரர் அயனாவரத்துக்கோ கே.கே. நகருக்கோதான் போக வேண்டும். மூட்டு வலிக்காரருக்கு அந்தப் பயணமே தண்டனை. ஆனாலும் முதுமையில் பணம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். அறுவைச் சிகிச்சை எப்போதோ ஒருமுறை வருவது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை, ரத்தப் பரிசோதனை என்று மாதந்தோறும் வருவதுதான் குடும்பத்தை அரிக்கிறது. அந்தப் புறநோயாளிச் செலவை ஏற்பது ஈ.எஸ்.ஐ.யின் தனிச்சிறப்பு. தனியார் காப்பீட்டில் 65 வயதுக்கு மேலும் சேரலாம் என்று 2024இல் வழி திறந்தார்கள், 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி.யையும் நீக்கினார்கள், ஆனால் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 36 மாதங்கள்வரை காத்திருக்க வைக்கலாம். சர்க்கரை அதுவரை காத்திருக்காது.

முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம் இதற்கு நேர் மறுபக்கம். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் இன்றைய பெயருக்கு வந்தது. இப்போது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை சிகிச்சை, பிரீமியம் முழுவதும் அரசுடையது. பெரிய சிகிச்சைக்குக் கைகொடுக்கும், மாத மாத்திரைக்கு உதவாது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு ராஜாஜி சாலை கலெக்டர் அலுவலகத்துக்குப் போக வேண்டும் (நாட்டின் முதல் மே தினத்தை 1923இல் சென்னையில் நடத்திய சிங்காரவேலர் பெயரைத் தாங்கிய கட்டடம், பொருத்தம்தான்). இங்கேதான் ரேஷன் கார்டு காலை வாரிவிடும். அப்பாவுக்கு 2,000 ரூபாய் ஓய்வூதியம், அதே கார்டில் இருக்கும் மகனுக்கு 15,000 ரூபாய் சம்பளம் என்றால் குடும்ப வருமானம் வரம்பைத் தாண்டிவிடும். மனம் தளர வேண்டாம். 21,000 ரூபாய்வரை சம்பளம் வாங்கும் அந்த மகன் ஈ.எஸ்.ஐ.யில் இருந்தால், மாதம் 9,000 ரூபாய்க்கு மேல் வருமானம் இல்லாத, அவரைச் சார்ந்த பெற்றோரையும் அவருடைய கணக்கில் சேர்க்கலாம். ஒரு கதவை அடைக்கும் அதே சம்பளச் சீட்டு இன்னொன்றைத் திறக்கிறது. மத்திய அரசு 2024இல் அறிவித்த, வருமான வரம்பே இல்லாத 5 லட்சம் ரூபாய்த் திட்டம் 70 வயதில்தான் தொடங்குகிறது. ஆலைத் தொழிலாளி 58இல் வீட்டுக்கு வந்துவிடுகிறார். நடுவே 12 ஆண்டுகள்.

இந்த வட்டாரத்தில் இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு: 'ஸ்டான்லி இருக்கும்போது கார்டு எதற்கு?' நியாயமான கேள்விதான். கட்டணமில்லாத அரசு மருத்துவமனையும், 2021 முதல் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவமும் இந்த மாநிலத்தின் உண்மையான பாதுகாப்பு. காப்பீடு அதற்கு மாற்றாகிவிடக் கூடாது. ஆனால் முதலமைச்சர் திட்ட அட்டை அரசு மருத்துவமனையிலும் செல்லும். அட்டைதாரருக்குச் செய்யும் சிகிச்சைக்கான தொகை அந்த மருத்துவமனைக்கே வந்துசேரும். ஸ்டான்லியை நம்புகிறவர் அட்டையோடு போனால் ஸ்டான்லிக்கும் நல்லது.

120 ரூபாய்க்கு இவ்வளவா, மற்றவர்கள் கட்டும் சந்தாவில் சலுகையா என்பாருக்கு ஒரு கணக்கு. 1997 முதல் 2019 ஜூன்வரை தொழிலாளியின் சம்பளத்தில் 1.75 சதவீதமும் நிறுவனத்திடமிருந்து 4.75 சதவீதமும் ஈ.எஸ்.ஐ.க்குப் போனது. 10,000 ரூபாய் சம்பளத்துக்கு மாதம் 650. உடம்பு நன்றாக இருந்த காலத்தில் கட்டியதை, உடம்பு தளர்ந்த காலத்தில் கேட்கிறார், அவ்வளவுதான். அநீதி வேறிடத்தில் இருந்தது: ஓய்வுக்குச் சற்று முன் சம்பளம் வரம்பைத் தாண்டியதால் ஈ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியேறியவர்கள், எத்தனை ஆண்டு கட்டியிருந்தாலும் 61ஆம் விதிக்கு வெளியே நின்றார்கள். 2012 ஏப்ரலுக்குப் பின் ஈ.எஸ்.ஐ.யில் இருந்து, 2017 ஏப்ரல் முதல் 30,000 ரூபாய்க்கு உட்பட்ட சம்பளத்தில் ஓய்வு பெற்றவர்களுக்கு, ஐந்தாண்டு காப்பீடு இருந்தால் வசதி தருவதென 2024 பிப்ரவரியில் ஈ.எஸ்.ஐ. கழகம் முடிவெடுத்தது.

அந்த முடிவுக்கும் சான்று வேண்டும். ஆகவே கோரிக்கையை அரசிடம் மட்டுமல்ல, ஆலை வாசலிலும் வைக்க வேண்டும். கிராஜுவிட்டி காசோலையோடு 61ஆம் விதிக்கான சான்றையும் கையில் கொடுக்க நிர்வாகத்துக்கு ஒரு பக்கத் தாளைத் தவிரச் செலவில்லை. தொழிற்சங்கங்கள் போனஸ் பேச்சுவார்த்தையிலேயே இதைக் கேட்கலாம். சரக்கு முனையங்களில் கான்ட்ராக்ட் மாறும்போதெல்லாம் வேலை மாறி, ஓய்வு நாள் என்ற ஒன்றே இல்லாமல் ஒருநாள் கூப்பிடப்படாமல் போகிறவருக்கோ இந்தச் சான்றைத் தர யாருமே இல்லை. அவருடைய ஈ.எஸ்.ஐ. எண்ணில் எத்தனை ஆண்டுச் சந்தா ஏறியிருக்கிறது என்பது கழகத்தின் கணினியிலேயே இருக்கிறது. அதையே சான்றாக ஏற்க என்ன தடை?